மூன்று-ஏ மாடி

9 ஜூலை 2025, புதன்

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியை இறக்கிவிட்டது. 3.00-இல் இருந்து 2.75. 2023 மே மாதத்திலிருந்து அசையாமல் நின்ற எண். ஷிப்ட் தொடங்குமுன் லாக்கர் பக்கத்தில் நின்றே கணக்குப் போட்டேன். 32 வருடக் கடனில் ஒரு லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 15 வெள்ளி, அதாவது ரிங்கிட், குறையும். பெரிய தொகை இல்லை. ஆனாலும் இரவு முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவே அந்த 15 வெள்ளிதான் மனதில் ஓடியது.

ஏன் 32 வருடம்? எனக்கு 38. பேங்க் 70 வயது வரைதான் கணக்கு வைக்கும்.

12 ஜூலை, சனி

பினாங்குத் தீவில், ரெலாவில் ஒரு வீடு பார்த்தோம். மூன்று-ஏ மாடி, அதாவது நான்காவது. சீனர்களுக்கு நாலு ஆகாது, அதனால் லிப்ட் பொத்தானிலும் 3ஏ. அம்மா அந்தப் பொத்தானைத் தானே அமுக்கினார். லிப்ட் வேலை செய்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். அவருடைய முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. தரை வீடும் வேண்டாம் என்கிறார். 2017 நவம்பர் இரவை அவர் மறக்கவில்லை. நானும்தான். ஜெலுத்தோங் வாடகை வீட்டில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்தபோது சாமி படங்களை அலமாரி மேல் ஏற்றிவிட்டு விடியும்வரை மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

850 சதுர அடி, மூன்று அறை, பிரீஹோல்ட், அதாவது நிரந்தர உரிமை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. கேட்கும் விலை 320,000.

பின்னறைக் கூரையில் ஒரு கறை. தோசைத் தட்டு அகலம், ஓரம் மஞ்சள். ஏஜண்டு பெண் ‘பழைய கறை’ என்றார். அம்மா அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

13 ஜூலை

கறை எவ்வளவு பழையது என்று கேட்டிருக்க வேண்டும்.

16 ஜூலை

நாளை ஆடி பிறக்கிறது. இன்றே புக்கிங் போடலாமா என்று கேட்டேன். ‘அவசரத்தில் எடுத்த வீட்டில் நிம்மதி இருக்காது, ஆவணி பிறக்கட்டும்’ என்றார் அம்மா. வேறொரு ஜோடியும் அதே வீட்டைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஏஜண்டு குறுஞ்செய்தி. உண்மையா, என்னை நெருக்கவா, தெரியவில்லை. ஒரு மாதம் முழுக்க இந்தப் பயத்தோடு இருக்க வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

மாமா அக்கரையிலிருந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புக்கிட் மெர்தாஜத்திலிருந்து வந்தார். அவருக்கு என்மேல் கோபம். ‘அந்தக் காசுக்கு அக்கரையில் தரை வீடே கிடைக்கும் பாப்பா. வாசல், தோட்டம், கார் நிறுத்த இடம். தீவில் என்ன கிடைக்கும்? சுவர்தான் கிடைக்கும்.’

அவர் சொல்வது விலையளவில் சரி. தீவில் நிலம் இல்லை. ஒரு பக்கம் கடல், நடுவில் மலை, 76 மீட்டருக்கு மேல் மலைநிலத்தில் கட்டக் கூடாது என்ற கொள்கை. இருக்கும் கொஞ்சத்துக்குத்தான் இத்தனை போட்டி. ஆனால் நான் இரண்டு வருடம் பாலத்தில் மோட்டார் ஓட்டியவள். 2019-இலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, உண்மைதான். அந்தப் பதின்மூன்று கிலோமீட்டரில் அடிக்கும் காற்றையும் மழையையும் யார் ரத்து செய்வது? இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலை லாரிகளுக்கு நடுவே ஒரு முறை சறுக்கி விழுந்தேன். அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் வந்தது. அம்மா நான்கு வருடம் கழித்து அங்கே சேர்ந்தார். இப்போது நான். இரண்டு தலைமுறை உழைத்தது இந்தத் தீவில். இங்கேயே ஒரு கதவு எங்களுக்கு வேண்டும். மாமாவிடம் இதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. ‘வேலைக்குப் பக்கம் மாமா’ என்று மட்டும் சொன்னேன்.

24 ஜூலை

வீட்டு விற்பனை விலைகளைப் பதிவாக வைத்திருக்கும் அரசின் நாப்பிக் தளத்தில் மூன்று மணி நேரம். விளம்பரத்தில் போடும் விலை வேறு, உண்மையில் கைமாறிய விலை வேறு. அதே குடியிருப்பில் 330, 345 ஆயிரம் என்று கேட்கிறார்கள். பதிவான விற்பனைகளோ 285-லிருந்து 305-க்குள். இத்தனை நாள் நான் பார்த்துப் பயந்ததெல்லாம் விற்கிறவர்களின் ஆசையைத்தான். யாராவது வீடு தேடினால் முதலில் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

2 ஆகஸ்ட், சனி

மாமா ஒரு லெலோங் வீடு, அதாவது ஏலத்துக்கு வந்த வீடு, காட்டக் கூட்டிப்போனார். இரண்டு முறை ஏலத்துக்கு வந்து ஆள் இல்லாமல் விலை இறங்கி, இது மூன்றாவது முறை. குறைந்தபட்ச விலையில் பத்து விழுக்காட்டை முன்பே பேங்க் டிராப்டாகக் கட்ட வேண்டும். ஏலத்தில் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் அது போய்விடும். உள்ளே போய்ப் பார்க்க முடியாது. வெளியே நின்றுதான் பார்த்தோம்.

வாசலில் சின்னப் பிள்ளைச் செருப்பு. கொடியில் பள்ளிச் சீருடை. இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. வேலை முடிந்தது, வீடும் முடிந்தது. அன்று சாமான்களை லாரியில் ஏற்றியபோது எனக்குப் பதினோரு வயது. புதுக் குடும்பம் ஒன்று எதிர்ப்புறம் மரத்தடியில் காத்திருந்தது. அவர்கள்மேல் தவறில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் அந்த மரத்தடியில் நிற்க மாட்டேன். மாமாவிடம் வேண்டாம் என்றேன்.

9 ஆகஸ்ட்

வீடு இன்னும் விற்கவில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

ஆவணி 2. நேற்று நவமி, அதனால் இன்று, ராகு காலம் கழிந்து. புக்கிங் பணம் 2 விழுக்காடு, 6,400 வெள்ளி கட்டினேன். கை நடுங்கியது. அம்மா ரசீதை வாங்கி மடிக்காமல் சாமி முன்னால் வைத்தார்.

25 ஆகஸ்ட்

மூன்று பேங்குக்கு விண்ணப்பம். 90 விழுக்காடு என்றால் 288,000, வட்டி 4.1 என்று வைத்தால் மாதம் 1,348. இப்போது கொடுக்கும் வாடகையைவிட 450 கூடுதல். அதோடு பராமரிப்புக் கட்டணம், அதில் பத்தில் ஒரு பங்கு சிங்கிங் பண்ட் என்ற பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு, வீட்டு வரி, நிலவரிக்குப் பதில் வரும் பெட்டாக் வரி. எல்லாவற்றையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதி, எழுதியதை மூடி வைத்துவிட்டேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம். ரெலாவுக்கு இரண்டாம் முறை போனோம், மாமாவும் வந்தார்.

கறை இல்லை.

பின்னறைக் கூரை முழுக்கப் புது வெள்ளைச் சாயம். வாடை கூடப் போகவில்லை. நெஞ்சு படபடத்தது. பழைய கறை என்றால் எதற்கு மறைக்க வேண்டும்? மாமா நாற்பது வருடக் கொத்தனார். துடைப்பக் கட்டையால் தட்டித் தட்டிக் கேட்டார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. ‘மேலே குளியலறை. தண்ணீர் இன்னும் வருது’ என்றார்.

1 செப்டம்பர்

தூங்கவில்லை. மேசையில் உட்கார்ந்த அந்த இரவேதான் திரும்பத் திரும்ப. நான்காவது மாடிக்கும் தண்ணீர் தேடி வரும் போலிருக்கிறது.

3 செப்டம்பர்

படித்துத் தெரிந்துகொண்டது, மறக்காமலிருக்க இங்கே. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், எண் 757. அதன் கீழ் 2015-இல் வந்த விதிகளில் மாடிக்கு மாடி ஒழுகுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் என்று நிரூபணமாகும்வரை குறை மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். இத்தனை வருடம் அடுக்குமாடியில் இருக்கும் என் சிநேகிதிகள் யாருக்கும் இது தெரியவில்லை. கூரை ஒழுகினால் சண்டை போடுவார்கள், இல்லையென்றால் வாளி வைப்பார்கள்.

புகாரை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வாங்க மாட்டேன் என்று ஏஜண்டிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் உடையவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

மதிப்பீடு வந்தது. ஒரு பேங்க் 295,000, மற்ற இரண்டும் 300,000. நான் ஒப்புக்கொண்டதோ 320,000. பேங்க் தன் மதிப்பில்தான் 90 விழுக்காடு தரும், அதாவது 270,000. மிச்சம் 50,000 என் கையிலிருந்து. புக்கிங்குக்கு முன்பே பேங்கில் வாய்வார்த்தையாக மதிப்பு கேட்டிருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். நாப்பிக்கில் கண்ணால் பார்த்த பிறகும் நான் கேட்கவில்லை. வீடு போய்விடுமோ என்ற பயம்.

8 செப்டம்பர்

பேசிப் பேசி 310,000. மதிப்பீட்டுத் தாளும் கறையும்தான் எனக்காகப் பேசின. மாதம் 1,263 ஆகிறது. கையிலிருந்து 40,000.

அந்த 40,000 என் இபிஎஃப், அதாவது சேமநிதியின், செஜாத்ரா கணக்கில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி முத்திரை விழுந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். கையெழுத்துக்கோ முன்பணம் வேண்டும். அம்மா வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் எடுக்கவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. இரவு முழுக்க அது அங்கேயே இருந்தது.

11 செப்டம்பர்

ஏழாம் நாள். நிர்வாகத்தில் இருந்து வந்து பார்த்தார்கள். மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் நீர்த்தடுப்பு போய்விட்டது. அங்கே தனியாக இருப்பவர் எழுபது தாண்டிய சீன அம்மா. கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மன்னிப்புக் கேட்டார். யாரும் வந்து சொல்லவில்லையாம். நான் கோபத்தோடு போனவள், அவர் கொடுத்த ஆரஞ்சு இரண்டோடு இறங்கி வந்தேன்.

12 செப்டம்பர்

பேங்கில் என் விண்ணப்பத்தைப் பார்க்கும் தம்பி, சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் வரலாற்று அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். ‘அக்கா, சிசிஆர்ஐஎஸ்-இல் மோட்டார் கடன் மூன்று மாசம் பிந்திக் கட்டின மாதிரி காட்டுதே.’

என் தம்பியின் மோட்டார். என் பேரில் எடுத்தது. மாதாமாதம் நான் அவனுக்குக் காசு அனுப்பினேன், அவன் கட்டவில்லை. பன்னிரண்டு மாத வரலாறு அந்த அறிக்கையில் அப்படியே நிற்கும்.

அவனிடம் இன்னும் பேசவில்லை. பேசினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

16 செப்டம்பர்

பேசிவிட்டேன். அழுதான். நிலுவையைக் கட்டிய ரசீதும் அனுப்பினான். நான் எதுவும் பதில் போடவில்லை.

23 செப்டம்பர், செவ்வாய்

ஒரு பேங்க் மறுத்துவிட்டது. ஒன்று இன்னும் பதில் சொல்லவில்லை. விளக்கக் கடிதம் கேட்ட மூன்றாவது பேங்க் ஒப்புக்கொண்டது! 270,000, 32 வருடம், 4.1. சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, ஓவர்டைம் கணக்கு எல்லாம் அந்தத் தம்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுத்தார். நல்லா இருக்கணும் அவர்.

நவராத்திரி இரண்டாம் நாள். அம்மா சுண்டல் டப்பா ஒன்றை அந்த பேங்க் தம்பிக்கு என்று எடுத்து வைத்துவிட்டார். எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?

7 அக்டோபர், செவ்வாய்

கையெழுத்து. புரட்டாசியில் வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னார். முதல் வீடு, 500,000-க்குள் என்றால் முத்திரை வரி விலக்கு; அதற்கு இந்த வருடக் கடைசி நாள்தான் கெடு. உரிமை மாற்றத்துக்கு 5,200, கடன் ஒப்பந்தத்துக்கு 1,350. ஆறாயிரத்து ஐந்நூற்றைம்பது வெள்ளியை நம்மால் விட முடியாது அம்மா என்றேன். ‘பால் காய்ச்சத்தான் மாதம் பார்க்கணும், பேனா பிடிக்க இல்லை’ என்று மாமா முடித்துவைத்தார்.

முன்பணத்தில் 18,000 மாமா கொடுத்தது. அக்கரையில் வாங்கு என்று மூன்று மாதம் என்னோடு மல்லுக்கு நின்றவர். உறையில் போட்டு, ‘இபிஎஃப் வந்ததும் கொடு, வராவிட்டாலும் பரவாயில்லை’ என்றார். வளையல் அம்மாவின் கையில் இருக்கிறது.

மேல்வீட்டுக் குளியலறையைச் சாவி கைமாறுமுன் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாயிற்று. லாயர் அதை வாசித்தபோது நான் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

10 அக்டோபர், வெள்ளி

பட்ஜெட். அந்த விலக்கை 2027 கடைசி வரை நீட்டித்துவிட்டார்கள். அவசரப்பட்டிருக்க வேண்டாம். ஆனால் என்னைப்போல் கணக்குப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் இன்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். நல்ல காரியம்.

20 அக்டோபர்

இந்த வாடகை வீட்டில் கடைசித் தீபாவளி என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சொல்லாதீர்கள் அம்மா, இன்னும் சாவி வரவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

விற்பவரின் பழைய கடனை அடைக்க எவ்வளவு என்று அவருடைய பேங்க் எழுதித் தர வேண்டும். அது வராமல் எங்கள் பேங்க் பணத்தை விடுவிக்காது. மூன்று மாதம் கெடு, அப்புறம் வட்டியோடு ஒரு மாதம்.

ஏஜண்டைக் கெஞ்சி வீட்டுக்குப் போனேன். மேலே ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டு நான்கு நாள் ஆகிறது. நாற்காலியில் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது. மேல்வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். சிமெண்டு காயட்டும் என்று இன்னும் அங்கே யாரும் குளிக்கவில்லையாம். நாளை இரவிலிருந்து குளிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

28 அக்டோபர்

லாயர் ஆபீசிலிருந்து எதுவும் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் ரெலாவ் போகிறேன்.