எட்டில் ஆறு மௌனம்

நண்பர் தன் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு எட்டுத் தலைப்புகள் எழுதிக்கொண்டு வந்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து படித்தோம். ஆறில் மௌனம், மீதி ரெண்டில் நிலா. கதைகளோ பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் நடக்கிறவை!

"வெளியே தேடாதீங்க, கதைக்குள்ளயே கிடக்கும்" என்றேன். என் சொந்த யோசனை இல்லை. சேர மன்னர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்குள் வரும் ஒரு தொடர்தான் பெயர். எட்டாம் பத்தின் நாயகன் நம்மூரை (தருமபுரியின் பழைய பேர் தகடூர்) அழித்த சேரன், 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை'.

அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுசாகக் கிடைக்கவில்லை. சில பாட்டுகள்தான் மிச்சம். ஆனால் பேரைப் பாருங்கள். கோயிலுக்குப் போகிற மாதிரி சாதுவாக இருக்கிறது, உள்ளே படையெடுப்பு. ரெண்டே சொல். நூல் தொலைந்தும் பேர் இழுக்கிறது. (எனக்கு இதில் கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.)

கடைசியில் அவர் கதையிலேயே ஏலக்காரர் சொல்லும் ஒரு வரியைக் காட்டினேன்: 'இன்னிக்கு வெல இல்ல'.

நண்பர் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "அட்டையில இப்படிப் போட்டா, சும்மா குடுக்கறாங்கன்னு எடுத்துட்டுப் போயிடுவாங்களேங்க?"