ஒரே சிகாரை வச்சு கத்துக்கிட்ட கதை

சிகார் பத்தி யார்கிட்ட கேட்டாலும் "சாம்ப்ளர் பேக் வாங்கு, விதவிதமா பிடிச்சுப் பாரு"ன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அது ஒத்து வரலை, ஏன்னா ஒரு சிகார் கசந்தா அது இலையோட குணமா, நான் வேகமா இழுத்ததாலயா, இல்ல ஈரம் ஜாஸ்தியான்னு பிரிச்சே பாக்க முடியாது. அதனால ஒரே பிராண்டு, ஒரே சைஸ்ல, நிகராகுவா இலை போட்ட, காரம் மீடியமா இருக்கிற ஒரு ரோபஸ்டோவை (இது ஒரு சிகார் சைஸோட பேரு) மொத்தமா எடுத்து வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணை மட்டும் மாத்தறது, மத்ததை அப்படியே விடறது, நோட்ல எழுதி வைக்கிறது. இதுதான் திட்டம். சில மாசமா இப்படி ஓடிட்டிருக்கு.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒண்ணு. புகையை உள்ள இழுக்கலைன்னா சிகார் ஒண்ணும் பண்ணாதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, அது உண்மை இல்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் கேன்சர் ரிஸ்க் எல்லாம் இதுலயும் உண்டு. பெரிய சிகார் ஒண்ணுலயே ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு புகையிலை இருக்கலாம். புகைப்பழக்கமே இல்லாதவங்க இதைப் படிச்சுட்டு புதுசா ஆரம்பிக்க வேணாம், இதை மனசாரத்தான் சொல்றேன். நானும் இதை எப்பவாவது ஒரு நாள்ங்கிற அளவுலதான் வச்சிருக்கேன், தினசரி ஆக்கற எண்ணமே இல்ல.

சரி, சைஸ். ரோபஸ்டோன்னா வழக்கமா 5 இன்ச் நீளம், 50 ரிங் கேஜ். ரிங் கேஜ்ங்கிறது தடிமன், இன்ச்சை 64 பாகமா பிரிச்சு சொல்ற கணக்கு, அப்போ 50ன்னா கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஓடும். சர்ச்சில்ங்கிற சைஸ் 7 இன்ச், அதை உக்காந்து முடிக்கவே பொறுமை வேணும், முதல்லயே அங்க போகாதீங்க.

ஒண்ணை பிளேடால நீளவாக்குல பிளந்து பாத்தேன், நல்ல சிகாரை வீணாக்கறோமேன்னு தோணுச்சு ஆனா எதைப் படிச்சும் புரியாதது அதுல புரிஞ்சுது. வெளிய சுத்தியிருக்கிற இலை ராப்பர், அதுக்குள்ள எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்கிற பைண்டர், நடுவுல ஃபில்லர். நல்ல சிகார்ல ஃபில்லர் முனையிலேர்ந்து முனை வரைக்கும் முழு நீள இலையா இருக்கும், அதைத்தான் லாங் ஃபில்லர்ங்கறாங்க, மலிவானதுல வெட்டின துண்டு இலைதான், அது வாயிலயும் வரும். செடியோட மேல்பக்க இலை லிகெரோ, வெயில் நல்லா வாங்கி தடிச்சுப் போயிருக்கும், காரமும் அதுலதான், மெதுவா எரியும். நடு இலை செக்கோ, வாசனைக்கு. கீழ் இலை வோலாடோ, நல்லா பத்திக்கிட்டு எரியறதுக்கு. லிகெரோவை நட்ட நடுவுல வச்சு உருட்டறதுக்கு காரணமும் அந்த மெதுவா எரியற குணம்தான், ஓரத்துல வச்சா ஒரு பக்கம் எரிஞ்சு ஒரு பக்கம் அப்படியே நிக்கும். இதை கையால உருட்டறவங்க ஒவ்வொரு சிகார்லயும் சரியா பண்றாங்கங்கிறதை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம் போகலை.

இப்போ ஈரப்பதம். என்னோட நோட்ல பாதி பக்கம் இதுதான். மர ஹ்யூமிடார், அதாவது ஈரம் குறையாம சிகாரை வைக்கிற பெட்டி, பாக்க அழகு, ஆனா அதை முதல்ல ஈரம் ஏத்தி பழக்கணும், மூடி லேசா கசிஞ்சாலும் உள்ள அளவு நிக்காது. நான் காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சீடர் பலகைத் துண்டு, பொவேடா பாக்கெட் (ஈரத்தை ஒரே அளவுல வைக்கிறது), ஈரத்தை அளக்க ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், அவ்வளவுதான். பொவேடா ரெண்டு பக்கமும் வேலை செய்யும், ஈரம் குறைஞ்சா கொடுக்கும், கூடினா உறிஞ்சிக்கும். ஹைக்ரோமீட்டரை வாங்கினதும் நம்பிடாதீங்க. ஒரு சின்ன மூடியில உப்பு போட்டு தண்ணி சொட்டு விட்டு ஈர மணல் பதத்துக்கு கொண்டு வந்து, அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவர்ல போட்டு ஒரு நாள் மூடி வைங்க. 75 சதவீதம் காட்டணும். எத்தனை தள்ளி காட்டுதோ அதை மனசுல வச்சு கூட்டியோ கழிச்சோ பாத்துக்க வேண்டியதுதான்.

ஒரே பேட்ச் சிகாரை ரெண்டு டப்பாவுல பிரிச்சு ஒண்ணுல 65 சதவீதம், ஒண்ணுல 72 சதவீதம் ஈரம் வச்சேன். சில வாரம் கழிச்சு பிடிச்சப்போ ரெண்டும் வேற வேற சிகார் மாதிரிதான். 72ல இருந்தது விரலால அமுக்கினா பஞ்சு மாதிரி, இழுக்க கஷ்டம், நடுவுல ரெண்டு தடவை அணைஞ்சுது, கடைசில கசப்பு. 65ல இருந்தது காத்து சரளமா வந்துச்சு, நேரா எரிஞ்சுது, அந்த கோகோ வாசனை தெளிவா தெரிஞ்சுது. 70க்கு 70ன்னு ஒரு பழைய ஃபார்முலா சொல்லுவாங்க, 70 சதவீதம் ஈரம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்னு, என் ருசிக்கு அது ஈரம் ஜாஸ்தி. ரொம்ப காஞ்சாலும் ஆபத்து, ராப்பர் வெடிக்கும், சூடா எரிஞ்சு நாக்கை அறுக்கும். சூட்டையும் கவனிக்கணும், 25 டிகிரி செல்சியஸைத் தாண்டி போக விட்டா இலைக்குள்ள இருக்கிற புகையிலை வண்டு முட்டை பொரிக்கலாம், ராப்பர்ல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தா அந்த டப்பா முழுக்க செக் பண்ணுங்க.

வெட்டறது பெரிய வித்தை இல்ல. தலைப்பக்கம் ஒட்டியிருக்கிற தொப்பி மாதிரி இலை இருக்கு பாருங்க, அதுல ரெண்டு மில்லிமீட்டர் அளவுதான், அந்த தொப்பி முடியற கோட்டைத் தாண்டினா ராப்பர் பிரிஞ்சு வந்துடும். நேர் கட், வி வடிவ கட், வட்டமா ஓட்டை போடற பன்ச் மூணும் பாத்தேன், எனக்கு நேர் கட்டே போதும்.

பத்த வைக்க ப்யூட்டேன் லைட்டர் இல்ல நீளமான மரத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டர், மெழுகுவத்தி ரெண்டும் வேணாம், அந்த வாடை முதல் கால் மணி நேரம் வாய்லயே நிக்கும். தீயை நேரா தொட வைக்காம கொஞ்சம் தள்ளி பிடிச்சு சிகாரை சுத்திக்கிட்டே ஓரமெல்லாம் கருக விடணும், அப்புறம்தான் வாயில வச்சு இழுக்கணும். லேசா ஊதிப் பாத்தா எங்க பத்தலைன்னு தெரிஞ்சுடும்.

ஆனா எல்லாத்தையும் விட பெரிய வித்தியாசம் வேகத்துலதான். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஒரு தடவை அதை வேணும்னே ரெட்டிப்பாக்கிப் பாத்தேன், பாதி தாண்டறதுக்குள்ள சிகார் கையிலயே சூடா தெரிஞ்சுது, அதுக்கு அப்புறம் வந்தது கசப்பும் காரமும் மட்டும்தான். அதே சிகார், மெதுவா போனா முதல் மூணுல ஒரு பங்குல மிளகுக் காரம், நடுவுல கோகோ, காபி, கடைசில மர வாசனைன்னு தனித்தனியா வருது. அணைஞ்சா பதறாதீங்க, சாம்பலைத் தட்டிட்டு, சிகார் வழியா ஒரு தடவை வெளிய ஊதிட்டு, திரும்ப பத்த வைக்கலாம். முடிச்சதும் சிகரெட் மாதிரி நசுக்கவே கூடாது, ஆஷ்ட்ரேல வச்சுட்டா தானா அணையும், நசுக்கினா ரூம் நாறும்.

வாயில வச்ச புகையை கொஞ்சமா மூக்கு வழியா விடறதை ரெட்ரோஹேல்ங்கறாங்க. வாசனையில பாதிக்கு மேல அங்கதான் தெரியுது, ஆனா முதல்ல கண்ல தண்ணி வரும், ரொம்ப கொஞ்சமா ஆரம்பிங்க. இதையும் நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது. இழுக்கலைன்னாலும் சிகார் புகையில காரத்தன்மை (மிளகுக் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரான ஆல்கலைன் குணம்) உள்ளதால நிக்கோட்டின் வாயோட உள் தோல் வழியாவே ரத்தத்துக்குப் போயிடும், வெறும் வயித்துல பிடிச்சா தலைசுத்தல், வேர்வை, குமட்டல் வர்றது இதனாலதான். சாப்பிட்டுட்டு உக்காருங்க, பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க, மயக்கமா வந்தா கீழ வச்சுட்டு நிறுத்திடுங்க. முடிக்கணும்னு கட்டாயமே இல்ல.

நிறம் கருப்பா இருந்தா ஸ்ட்ராங்குன்னு நினைக்கிறது தப்புன்னு அடுத்து சரிபாக்கப் போறேன். மதுரோ ராப்பர் கருப்பா இருக்கிறது அதிகமா புளிக்க வச்சதால, அதுல இனிப்புத்தான் கூடும்னு சொல்றாங்க, காரத்தை முடிவு பண்றது பெரும்பாலும் உள்ள இருக்கிற லிகெரோ. நான் வச்சிருக்கிற ரோபஸ்டோவே வெளிர் நிற கனெக்டிகட் ராப்பர்லயும், மெக்சிகோவோட சான் ஆண்ட்ரேஸ் மதுரோ ராப்பர்லயும் வருது, உள்ள ஒரே ஃபில்லர், ஒரே பைண்டர். ரெண்டையும் வாங்கி 65 டப்பாவுல போட்டாச்சு. ஒரு மாசம் ஊறட்டும், அப்புறம் சிகாரைச் சுத்தி ஒட்டியிருக்கிற பேப்பர் லேபிளை கழட்டிட்டு, கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்ல முடியுதான்னு பாக்கறேன், ரிசல்ட் அடுத்த தடவை எழுதறேன்.