பென்சிலோடு வாசித்தவர்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மாடியில் இருந்த சின்ன அறையில் ஓர் எழுத்தாளர் தன்னுடைய முடிக்கப்படாத நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசித்தார். கேட்க வந்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். அதே நேரத்தில் கீழே பெரிய அரங்கில் சிறப்பு விருந்தினரின் உரை நடந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார இடமில்லை. கைதட்டல் ஒலி தரை வழியாக ஏறி வந்து எங்கள் காலுக்குக் கீழே அதிர்ந்தது. அவர் ஒரு முறைகூட நிறுத்தவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. ஏழு பேருக்கும் எழுநூறு பேருக்கு வாசிப்பதுபோலவே வாசித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை, அறிவியல் புனைவும் மிகுபுனைவும் (ஃபேண்டசி) எழுதுகிறவர்களைக் கொண்டாடுவதற்காக வாசகர்கள் கூடும் கூட்டம் அது. நான் நான்காவது முறையாகப் போகிறேன். இந்தமுறை தன்னார்வலராக. என்ன கேட்டீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று நண்பர்கள் விசாரிக்கிறார்கள். எனக்கு அந்த மாடி அறையிலிருந்துதான் தொடங்க வருகிறது.

கதை ஒரு தலைமுறைக் கப்பலில், அதாவது பல தலைமுறைகள் உள்ளேயே பிறந்து வாழ்ந்தபடி தொலைதூரக் கோளுக்குப் போகும் விண்கப்பலில், பிறந்த சிறுமியைப் பற்றியது. கப்பல் ஒரு பெரிய உருளை. அது சுழல்வதால்தான் உள்ளே இருப்பவர்களின் கால் தரையில் பதிகிறது. அப்படிச் சுழலும் இடத்தில் பந்தை எறிந்தால் அது நேராகப் போகாது, ஒரு பக்கமாக வளைந்து போவதுபோலத் தெரியும். அங்கேயே பிறந்த குழந்தைக்கு அந்த வளைவுதான் இயல்பு. எறியும்போதே கை தானாக ஒதுக்கி எறியும். கப்பல் ஒருவழியாகக் கோளை அடைகிறது. சிறுமி முதன்முறையாக மண்ணில் நின்று தம்பிக்குப் பந்து எறிகிறாள். பந்து வளையவே இல்லை. தம்பியின் கைக்கு இரண்டடி தள்ளி விழுகிறது. அவள் மறுபடி எறிகிறாள். மறுபடியும் அதே இடத்தில் விழுகிறது. தன் கை கெட்டுப்போய்விட்டதென்று நினைத்து அவள் அழத் தொடங்குகிறாள்.

அந்த இடத்தில் அறையில் ஒருவரும் அசையவில்லை.

நான் முன்வரிசையில் இருந்ததால் அவருடைய தாள்கள் நன்றாகத் தெரிந்தன. இரட்டை இடைவெளி விட்டு அச்சிட்ட தாள்கள், ஓரமெல்லாம் மடங்கியிருந்தன. வலது கையில் முனை மழுங்கிய பென்சில். வாசித்துக்கொண்டே, குரல் மாறாமல், அவ்வப்போது ஓரத்தில் ஏதோ குறித்தார். சில இடங்களில் சிறு கோடு, சில இடங்களில் புள்ளி. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவள். ஓரத்தில் விழும் எந்தக் குறிக்கும் பொருள் என்னவென்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். இந்தப் புள்ளிகள் எனக்குப் பிடிபடவில்லை. முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"கோடு, என் நாக்கு இடறிய இடம்," என்றார். "புள்ளி, உங்கள் கவனம் இடறிய இடம்."

ஐந்து புள்ளிகள் இருந்தன. அவற்றில் மூன்று ஒரே பக்கத்தில். கப்பலின் ஆரம் 224 மீட்டர், நிமிடத்துக்கு இரண்டு சுற்று, அதனால் உள்ளே பூமியில் இருப்பது போன்ற எடை என்று இரண்டு பத்திகளில் விளக்கியிருந்த பக்கம் அது. நாற்காலி கிரீச்சிட்டதும், யாரோ கைப்பையைத் திறந்ததும், நான் சன்னல் பக்கம் திரும்பியதும் அங்கேதான். மூன்றும் அவருடைய கண்ணுக்குத் தப்பவில்லை.

"கணக்கு சரிதானே?" என்று கேட்டேன்.

"சரிதான். மூன்று நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். அதனால்தான் வெட்ட மனம் வரவில்லை. நீங்கள் ஏன் சன்னலைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்."

எனக்கு அந்தச் சிறுமியின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, நீங்கள் கப்பலின் சுவரைக் காட்டினீர்கள் என்று சொன்னேன். அவர் அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

இதற்காகத்தான் நான் போகிறேன். எழுதுகிறவரைக் கொண்டாடுவதென்றால் மாலை போடுவதும் மேடையில் புகழ்வதும் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர் எழுதியதைச் சிந்தாமல் கேட்பதும், எங்கே கவனம் சிதறியதென்று மறைக்காமல் சொல்வதும் அதைவிடப் பெரிய மரியாதை என்று இப்போது நம்புகிறேன்.

இந்தக் கூட்டங்கள் பிறந்த கதையும் அப்படித்தான். 1926இல் வெளிவரத் தொடங்கிய அமேசிங் ஸ்டோரிஸ் என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இதழில் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார்கள். இதழுக்கு எழுதிய வாசகர்கள் அந்த முகவரிகளைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். கடிதங்களிலிருந்து மன்றங்கள் முளைத்தன, மன்றங்களிலிருந்து கூட்டங்கள். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தபோது வந்தவர்கள் சுமார் இருநூறு பேர். சிறப்பு விருந்தினர் எழுத்தாளர்கூட அல்லர், இதழ் அட்டைகளுக்குப் படம் வரைந்த ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியர். மர்ட்டில் டக்ளஸ் என்ற வாசகி எதிர்காலத்து உடையொன்றைத் தானே தைத்து அணிந்து வந்தார், கூட வந்த நண்பருக்கும் ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். இன்று கூட்டங்களில் வேடமணிந்து வருகிறவர்களெல்லாம் அந்தத் தையல் ஊசிக்குக் கடன்பட்டவர்கள். போர் காரணமாக 1942 முதல் 1945 வரை மாநாடு நடக்கவில்லை. போர் முடிந்ததும் அதே வாசகர்கள் மறுபடி கூடினார்கள்.

அந்தப் பழக்கத்தின் ஒரு சொல் எங்கள் கூட்டத்திலும் தங்கியிருக்கிறது. இங்கே டிக்கெட் வாங்குவதில்லை, உறுப்பினர் ஆகிறோம். பார்க்க வந்தவர், நடத்துகிறவர் என்ற பிரிவு அந்தச் சொல்லாலேயே கரைந்துவிடுகிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. எனக்குக் கிடைத்த வேலைகள் இரண்டு. வெள்ளிக்கிழமை, பெயர் அட்டைகள் அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்த்தேன். ஒருவருடைய பெயரைத் தப்பாக அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டால் இரண்டு நாளும் அந்தப் பிழையோடுதான் அவர் நடக்க வேண்டும். சனிக்கிழமை மதியம், கலந்துரையாடல் அறையின் கடைசி வரிசையில் நின்று நேரம் காட்டினேன். பத்து, ஐந்து, ஒன்று என்று எழுதிய அட்டைகளை உயர்த்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கலந்துரையாடல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேடையில் ஆறு பேர் இருந்தால் ஒருவரும் முழுதாகப் பேச முடியாது. மூன்று பேர் போதும். ஓர் அமர்வில் நெறியாளரே பாதி நேரத்தை எடுத்துக்கொண்டார். மேடையின் ஓரத்தில் இருந்த இளம் எழுத்தாளருக்கு இரண்டு வாக்கியங்களுக்குமேல் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒன்று என்று எழுதிய அட்டையை நான் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நெறியாளர் பார்த்தும் நிறுத்தவில்லை. எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

கூட்டங்களுக்கே வராத எழுத்தாளர்களைப் பற்றிய மாலை அமர்வு மட்டும் விதிவிலக்கு. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளரின் வாழ்க்கைக் கதை தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள், ஆனாலும் அது மறுபடி சொல்லப்பட்டபோது அறை முழுக்க அமைதி. 1968 முதல் கதைகள் வெளிவந்தன, விருதுகள் வந்தன, ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. எந்தக் கூட்டத்திலும் அவரைக் கண்டவர் கிடையாது. கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன, நெருக்கமான, வேடிக்கையான, நீண்ட கடிதங்கள். இந்த எழுத்து ஓர் ஆணுடையதுதான் என்று ராபர்ட் சில்வர்பெர்க் என்ற எழுத்தாளர் 1975இல் டிப்ட்ரீயின் கதைத் தொகுப்புக்கு முன்னுரையே எழுதினார். பிறகு ஒரு கடிதத்தில் டிப்ட்ரீ தன் தாய் சிகாகோவில் இறந்ததைக் குறிப்பிட, ஆர்வமுள்ள ஒருவர் செய்தித்தாளின் மரண அறிவிப்புகளைத் தேடிப் பார்த்தார். டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி என்று தெரிந்தது. தெரிந்த பிறகு, முன்போல எழுத முடியவில்லை என்று அவரே உணர்ந்திருக்கிறார்.

கூட்டத்துக்கு வந்த எழுத்தாளர்களைச் சுற்றி நின்று நாம் மகிழும்போது இந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்ள வேண்டும். முகத்தைக் காட்டாமல் எழுதுவதில் சிலருக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. வாசகரின் அன்பு அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. அன்று இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

அமர்வு முடிந்து வெளியே வரும்போது பேச்சு விருதுகள் பக்கம் திரும்பியது. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும், 1953இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஹியூகோ விருதை இன்றுவரை உலக மாநாட்டின் உறுப்பினர்களே வாக்களித்துக் கொடுக்கிறார்கள். விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும், தகுதியானது எதுவுமில்லை என்றும் வாக்களிக்கலாம். 7,500 சொற்களுக்குள் சிறுகதை, 40,000க்கு மேல் நாவல், நடுவில் இரண்டு வகைகள் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். பக்கங்களை எண்ணியே பிழைக்கும் எனக்கு இந்தக் கறார் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி 2015இல் வந்தது. சீன எழுத்தாளர் லியூ சிசினின் நாவல், மொழிபெயர்ப்பில் வந்து சிறந்த நாவலுக்கான விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்பு நாவலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மூல மொழி எதுவானாலும் நல்ல கதை போய்ச் சேரும் என்று அன்றைக்கு எனக்குத் தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் நானும் ஒரு கதை எழுதினேன். ஞாயிறு காலைப் பயிலரங்கில் அதை வைத்தேன். எழுதியவர்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார வேண்டும். கதைகளை முன்கூட்டியே எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள். ஒவ்வொருவராக இரண்டு நிமிடம் பேச, கதை எழுதியவர் கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் எழுத்தாளர்கள் கூடி உருவாக்கிய முறை இது. பின்னாளில் கிளாரியன் என்ற, புதிய அறிவியல் புனைவு எழுத்தாளர்களுக்கான பயிலரங்கும் இதையே எடுத்துக்கொண்டது. 1970இல் அங்கே உட்கார்ந்து கேட்ட மாணவர்களில், பின்னாளில் புகழ்பெற்ற அறிவியல் புனைவு எழுத்தாளரான ஆக்டேவியா பட்லரும் ஒருவர்.

என் கதையில் ஓர் ஊர். அங்கே மனிதர்கள் தங்கள் நிழலை வட்டிக்குக் கொடுப்பார்கள். நிழலை இழந்தவர்கள் வெயிலில் வெளியே வரமாட்டார்கள். 4,200 சொற்கள், ஆறு மாத உழைப்பு. முதல் மூவரும் அன்பாகப் பேசினார்கள். நான்காவதாக ஓர் இளைஞர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "மழை மாதங்களில் வட்டி எப்படிக் கணக்கு?" என்று கேட்டார்.

பதில் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் சொல்ல முடியாது. மேகம் மூடிய நாளில் கடன் வாங்கியவரிடம் நிழலே இருக்காதே, அப்போது அவர் எதற்கு வட்டி கொடுப்பார்? கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரித் தெருவில் நடக்கலாமே? ஆறு மாதமாக அந்த ஊரில் வாழ்ந்திருக்கிறேன், ஒரு நாள்கூட அங்கே மழை பெய்யவில்லை. பேசக் கூடாது என்ற விதி மட்டும் இல்லாவிட்டால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததால் அந்தக் கேள்வி எனக்குள்ளே இறங்கியது. எஞ்சிய மூவர் பேசி முடிப்பதற்குள், மழைநாளில் ஊரே வெளியே வந்து கூடும் ஒரு காட்சி எனக்குத் தெரிந்துவிட்டது. கதை அங்கேதான் தொடங்க வேண்டும். மிகுபுனைவில் எதுவும் நடக்கலாம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

மாலையில் பெரிய அரங்கில் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரமாகச் சாத்திக்கொண்டிருந்தோம். பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மாடி அறை எழுத்தாளர் பையைத் தோளில் மாட்டியபடி என்னைத் தேடி வந்தார். சனிக்கிழமை இரவே அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டாராம். இரண்டு பத்திகளின் மேலும் குறுக்குக் கோடு விழுந்திருந்தது. 224 மீட்டர் போய்விட்டது, நிமிடத்துக்கு இரண்டு சுற்று மட்டும் தம்பி எண்ணிப் பார்க்கும் விளையாட்டாக ஒரு வரியில் தங்கியிருந்தது.

"நானே வாசித்தால் எனக்குத் தெரியாது," என்று சொல்லித் தாளை என் கையில் கொடுத்தார். "நீங்கள் வாசியுங்கள், நான் கேட்கிறேன்."

மடக்காமல் மிச்சமிருந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். சிறுமி பந்தைக் கையிலெடுக்கும் வரிக்கு வந்தபோது என் நாக்கு ஒரு சொல்லில் இடறியது. அவர் பென்சிலோடு என் பக்கம் சாய்ந்து, அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மேலே வாசிக்கும்படி கையசைத்தார்.