ஒரே யானைமேல் இரு நீதிபதிகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பழமைவாதியான அன்டனின் ஸ்காலியாவை 1986-இல் செனட் சபை 98-0 என்ற வாக்கிலும், தாராளவாதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை 1993-இல் 96-3 என்ற வாக்கிலும் ஏற்றுக்கொண்டது. தீர்ப்புகளில் கடுமையாக மோதிக்கொண்ட அவ்விருவரும் ஓபரா இசையைச் சேர்ந்தே ரசித்தார்கள். 1994-இல் இந்தியா வந்தபோது, ஸ்காலியா முன்னும் கின்ஸ்பர்க் பின்னுமாக ஒரே யானைமேல் அமர்ந்திருக்கும் புகைப்படம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வாழ்நாள் பதவிக்கு வருபவரின் சட்டப் புலமையை எடைபோட வேண்டிய அதே சபை இன்று கட்சி பார்த்தே வாக்களிப்பது மிகுந்த வருத்தம் தருகிறது. 2020-இல் கின்ஸ்பர்க் மறைந்தபின், அதிபர் தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கையில், அவரது இடத்துக்குக் குடியரசுக் கட்சி அதிபர் முன்மொழிந்த ஏமி கோனி பேரட்டின் நியமனம் 52-48 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 2022-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் அதே நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சனுக்குக் குடியரசுக் கட்சியிலிருந்து கிடைத்தவை மூன்றே வாக்குகள்.