வாரியலும் எட்டுக்காலியும்

"மக்ளே, அந்த வாரியலை எடு!" துடைப்பத்தைக் காட்டி அம்மா கத்தினாள்.

கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்காலி.

அடிக்கப் போனவன் நின்றுவிட்டேன். வயிற்றுக்கு அடியில் வெள்ளைப் பொத்தான் மாதிரி தட்டையான முட்டைப்பை. வாயோரத்துக் குட்டிக் கைகளால் இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளே எப்படியும் நூறு முட்டைக்கு மேல் இருக்கும்.

அதைப் பார்த்ததும் ஒரு சுறா நினைவுக்கு வந்தது. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்து எங்கள் தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள். ஈரல் எண்ணெய்க்காகப் பிடிபடுகிற ஆழ்கடல் சுறா ஒன்று உண்டு. பெரிய பச்சைக் கண், முதுகில் இரண்டு முள். ஏறக்குறைய 2 வருடம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும்.

எட்டுக்காலி செத்தால் நாளைக்கே இன்னொன்று வந்து நிற்கும், அது அம்மாவுக்கே தெரியும்.

அந்தச் சுறா செத்தால்?

சரி, வாரியலை மூலையில் சாத்திவிட்டேன். அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.