மேப்பிள் புரட்டாசி பார்க்குமா?

ஆகஸ்ட் 23, 2025, சனி

ஒருவழியாகப் பெறாமகளின், அதாவது அக்கா மகளின், கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. கேட்டதும் பெறாமகளின் முகம் விழுந்துவிட்டது. அவள் விரும்பியது அக்டோபர் முதற்கிழமை. இலையுதிர்காலக் கல்யாணம்தான் வேண்டும் என்று ஒரு வருடமாகப் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறாள். ஐயரோ பஞ்சாங்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, "புரட்டாசி கழியட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஐப்பசி பிறந்ததும் 20ஆம் தேதி தீபாவளி, அடுத்து அமாவாசை, 22இல் கந்தசஷ்டி தொடக்கம். அக்கா ஆறு நாளும் விரதம் இருப்பவள்; பாறணை முடியாமல் கல்யாண வேலையில் கை வைக்க மாட்டாள், மகளின் கல்யாணமாகவே இருந்தாலும். வளர்பிறை வேண்டும், ஞாயிறாக இருக்கவேண்டும், மண்டபமும் கிடைக்கவேண்டும் என்று பார்த்தால் மிஞ்சியது இந்த ஒரு நாள்தான்.

மேப்பிள் புரட்டாசி பார்க்குமா? வடக்கே அல்கோன்குவின் பூங்காப் பக்கம் அது செப்டம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும். ரொறன்ரோவில் இரண்டு மூன்று கிழமை பிந்தும். நவம்பர் பிறக்கும்போது ஓக் மரத்தின் கபில இலைகளும் தெருவோர நோர்வே மேப்பிளின் மஞ்சளும் மட்டுமே நிற்கும். "சித்தி, நீங்கள்தான் ஏதாவது செய்யவேண்டும்" என்றாள். சோடனை என் தலையில் வந்து விழுந்த கதை இதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மண்டபத்துக்குப் போய் வந்தோம். மேலாளர் நல்ல மனிதர், ஆனால் தீ என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிறார். வைக்கோல் கட்டு கூடாது. திறந்த மெழுகுவர்த்தி கூடாது, கண்ணாடிக் குவளைக்குள் வைத்தால் பரவாயில்லை. காய்ந்த இலைகளைச் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடக் கூடாது. ஓமம் வளர்க்கலாம், அதற்குத் தனி அனுமதி, உயர்த்திய குண்டம், தீயணைப்பானுடன் பக்கத்தில் ஓர் ஆள். நியாயமான நிபந்தனைகள்தான்.

பிறகு ஒரு சோடனைக்காரரிடம் போனோம். வெள்ளையும் பொன்னுமாக ரெஜிபோம் (தெர்மகோல்) தூண்கள், இரண்டு யானை, ஒரு மயில். "இலையுதிர்காலம்" என்றோம். அதே தூண்களில் பிளாஸ்டிக் மேப்பிள் மாலையைச் சுற்றிய படத்தை எடுத்துக் காட்டினார். யானைக்கும் மேப்பிளுக்கும் என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. பெறாமகள் என் கையைக் கிள்ளினாள், கிளம்பிவிட்டோம். மணவறைச் சட்டத்தை மட்டும் வேறோர் இடத்தில் வாடகைக்கு எடுத்து, மற்றதை நாங்களே செய்வதாக முடிவு.

மணவறைக்கு அருகில் இலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓமத் தீ இருக்கும் இடத்தில் பூ மட்டும். இலைகளுக்கு இடம் வரவேற்பு வாசலும் சாப்பாட்டு மேசைகளும். பக்கத்து மார்க்கம் நகரின் கடைகளில் செவ்வந்தித் தொட்டிகள் வந்துவிட்டன. ஆனால் இப்போது மலர்ந்திருப்பவை நவம்பர்வரை தாங்கா. பச்சை மொட்டாக இருப்பவற்றைப் பிந்தி வாங்கவேண்டும். இரவு நீளும்போதுதான் செவ்வந்தி அரும்பு கட்டும், தெருவிளக்கு வெளிச்சம் பட்டால்கூடத் தாமதிக்கும். அதனால் வாங்கியதும் பின்வளவின் இருட்டு மூலைதான் அவற்றுக்கு இடம்.

அக்டோபர் 4, சனி

ஹன்ட்ஸ்விலுக்கு அருகே அத்தானின் நண்பருக்கு ஏரிக்கரை வீடு ஒன்று இருக்கிறது. பூங்காக்களில் ஓர் இலையைக்கூடப் பறித்துவரச் சட்டம் இடம் தராது. தனியார் வளவென்றால் சிக்கல் இல்லை. விடியற்காலையில் புறப்பட்டோம். புரட்டாசிச் சனி என்று அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதம் காரில்.

அந்த வளவில் ஒரு சீனி மேப்பிள் நிற்கிறது. தெற்குப் பக்கம் முழுக்கக் குங்குமம், நிழல்பட்ட வடக்குப் பக்கம் வெறும் மஞ்சள். மஞ்சள் நிறமி இலைக்குள் எப்போதும் இருப்பது. பச்சையம் வடிந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அதை இலை கடைசிக் கிழமைகளில் புதிதாக ஆக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் கிடைத்தால் சிவப்பு கூடும். அதனால் ஏணியைத் தெற்குப் பக்கமே சாத்தினோம். நிலத்தில் கிடந்தவற்றைத் தொடவில்லை, ஓரம் சுருண்டவை பயன்படா. பறித்ததும் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து மேலே பலகை. காரின் பின்பக்கம் அச்சகம் மாதிரி ஆகிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள். நன்றி நவிலல் நாள்

விடுமுறை என்பதால் எல்லாரும் வீட்டில். வழக்கமான வான்கோழி விருந்துக்குப் பதில் மெழுகு.

இலைகளைப் பதப்படுத்தக் கிளிசரின்தான் வழி என்று பலரும் சொன்னார்கள். ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர். கிளையை அந்தக் கரைசலில் நிறுத்திவைத்தால் அது உறிஞ்சிக்கொள்ளும் என்பது கோடைகாலப் பச்சை இலைக்குத்தான் சரி. நிறம் மாறிய இலையின் காம்படியில் தக்கைபோல் ஒரு படை வளர்ந்து நீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே கரைசலில் தட்டையாக மூழ்கவைக்கவேண்டும். அப்போதும் சிவப்பு மங்கிக் கபிலமாகிவிடும். ஓக் இலைக்கு அது போதும், அதன் நிறமே அதுதானே. மேப்பிளுக்குத் தேன்மெழுகு.

தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் மெழுகு. 63 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். கூடச் சூடேறினால் இலை சுருண்டு பொரிந்துபோகும். ஆறிவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படியும். காம்பைப் பிடித்து, ஒரு முறை முக்கி, மூச்சு விடும் நேரம் வடியவிட்டு, எண்ணெய்த் தாளில் கிடத்தவேண்டும். காம்பையும் கடைசியில் மெழுகில் தொட்டு எடுக்காவிட்டால் அந்த வழியாகக் காற்றுப் புகுந்துவிடும். நல்ல மெழுகுப் பக்குவத்தில் முக்கி எடுத்த இலையின் நரம்புகள் ஈரமாக இருப்பதுபோலவே மின்னுகின்றன. விரலால் தடவினால் மெல்லிய தோல்போல வழுக்குகிறது. வீடெல்லாம் தேன் வாசனை.

அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை, கல்யாண வீட்டுக்குச் சருகு கட்டுகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்."

"சருகில்லை அம்மா, தொட்டுப் பாருங்கள்."

தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் நூலில் கோத்து வைத்திருந்த சரத்தைத் தூக்கிப் பார்த்ததும் குரல் மாறியது. ஊரில் மங்கலத்துக்கு ஒரு தோரணம், அமங்கலத்துக்கு ஒரு தோரணம். நுனி கீழே தொங்க இலை கட்டினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? நுனி மேலே நிற்கக் கட்டு என்றார். அவர் சொன்னது அழகுக்கும் பொருத்தமாக இருந்தது. தொங்கும் இலை சோர்ந்து தெரிகிறது, நிமிர்ந்த இலை கைபோல விரிகிறது. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினோம்.

அக்டோபர் 29, புதன்

தாலிக்குப் பொன்னுருக்குச் சடங்கும் கன்னிக்கால் நடுதலும் நல்லபடியாக முடிந்தன. பாறணை முடித்த அக்கா பழைய வேகத்துக்கு வந்துவிட்டாள். இனி வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

பூசணிக்காய்ப் பிரச்சினை இன்று வெடித்தது. பெறாமகளுக்கு வாசலின் இரு பக்கமும் பூசணிகள் அடுக்கவேண்டும். "வாசலில் பூசணியா? கண்ணூறு கழிக்கப் போகிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்கள்" என்று அம்மா. ஒரு மணிநேரம் பேச்சு. முடிவில் வாசலுக்கு வாழையும் நிறைகுடமும்; பூசணி மேசைகளில் மட்டும், அதுவும் வெட்டாமல், குடையாமல். ஹலோவீன் முகம் எதுவும் வரக்கூடாது. அம்மாவின் தோழி ஒருவர் தொட்டியில் வளர்த்து, உறைபனிக்கு முன் வீட்டுக்குள் எடுத்துவைத்த வாழை இரண்டு கிடைத்தன. மெலிந்தவைதான், ஆனாலும் உயிருள்ளவை.

நவம்பர் 1, சனி, நள்ளிரவு தாண்டி

பிந்திய நாளுக்கும் ஓர் இலாபம் உண்டு. ஹலோவீன் நேற்றோடு முடிந்ததால் கடைகளில் விற்காத பூசணிகளை ஏறக்குறைய சும்மா தள்ளிவிடுகிறார்கள். வெள்ளை, செம்மஞ்சள், வரி போட்டவை என்று வான் வண்டி நிறைய ஏற்றினோம்.

மாலை முழுக்க மண்டபத்தில். மணவறைக்குச் செவ்வந்தியும் மல்லிகையும், கூறையின் சிவப்பு எடுபடட்டும் என்று வேறு சிவப்பே வைக்கவில்லை. மேசைக்கு ஒரு பூசணி, சுற்றி நான்கைந்து இலை, கண்ணாடிக்குள் விளக்கு. பெறாமகள் ஒவ்வொரு மேசையிலும் இன்னும் சோளக் கதிர், பைன் காய் என்று வைத்துக்கொண்டே போனாள். நான் பின்னால் போய் எடுத்துக்கொண்டே வந்தேன். சோறு வைக்க இடம் வேண்டாமா?

ஏணி பிடிக்க வந்த பையன்கள் எல்லாம் தொலைபேசியில். ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி ஆடும் பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், இதே நகரில். 1993க்குப் பிறகு கிண்ணம் வரப்போகிறது என்று துள்ளினார்கள். பதினொன்றாவது சுற்றுவரை இழுத்து 5-4 என்று டொட்ஜர்ஸ் வென்றபோது மண்டபமே இழவு வீடானது. அம்மா இல்லாதது நல்லது.

நவம்பர் 3, திங்கள்

நேற்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்போனது. அழைப்பிதழில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் "புதிய நேரப்படி" என்று ஐயர் போடச் சொன்னது எவ்வளவு நல்லது! அப்படியிருந்தும் மாப்பிள்ளையின் பெரியப்பா பழைய நேரத்துக்கு வந்து, பூட்டிய கதவுக்கு முன் பட்டுவேட்டியோடு குளிரில் நின்றார்.

தாலி கட்டும்போது நான் பார்த்தது ஓமப் புகை கூரையில் எங்கே போகிறது என்பதைத்தான். தீ எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மாலை ஐந்தரை மணிக்கே வெளியே இருட்டு. மேசை விளக்குகள் ஏற்றியதும் மெழுகிட்ட இலைகள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிந்தன. விருந்தினர்களில் பாதிப் பேர் பிளாஸ்டிக்கா என்று கிள்ளிப் பார்த்தார்கள். கிள்ளுப்பட்ட இலைகளைப் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பூசணிகளில் நல்லவற்றை அம்மா முன்கூட்டியே குறித்துவைத்திருந்தார். இன்று மத்தியானம் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சர்க்கரை போட்ட கறி. சில மேசை விரிப்புகளில் மெழுகு ஒட்டியிருப்பதாக மண்டபத்தில் தனியாகப் பணம் கேட்டிருக்கிறார்கள். சம்பந்தி தானே கொடுப்பதாகப் பிடிவாதமாக நிற்கிறார். அக்கா விடுவாளா?