விஷுவல் சி++ வரிகளில் கை வைக்காதீர்கள்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்றால் பலரும் முதலில் திறப்பது கண்ட்ரோல் பேனலில் இருக்கும் புரோகிராம் பட்டியலைத்தான். அங்கே மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 2008, 2010, 2013 என்று வரிசையாகக் கிடக்கும், அதிலும் சில வருடங்கள் இரண்டிரண்டாக. ஒன்று போதாதா என்று மிச்சத்தைத் தூக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு புரோகிராம் எந்த வருடத்து விஷுவல் சி++ கொண்டு எழுதப்பட்டதோ அதற்கான ரன்டைம்தான் (புரோகிராம் ஓடும்போது தேவைப்படும் துணை ஃபைல்களின் தொகுப்பு) அதற்கு வேண்டும், 2013 இருப்பதால் 2010-இன் வேலை நடக்காது. இரண்டிரண்டாக இருப்பதும் வீண் இல்லை. ஒன்று 32 பிட், இன்னொன்று 64 பிட். 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் புரோகிராம்கள் ஏராளமாக ஓடுகின்றன.

தூக்கியபின் வரும் பிழைச் செய்தியிலேயே மருந்தும் இருக்கிறது. எம்எஸ்விசிஆர்100 என்ற டிஎல்எல் ஃபைல் (அந்தத் துணை ஃபைல்களில் ஒன்று) இல்லை என்றால் 2010-க்கான தொகுப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. விசிரன்டைம்140 என்றால் 2015-உம் அதற்குப் பிறகு வந்தவையும், இவற்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்புதான். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, 32, 64 இரண்டையும் போட்டுவிடுங்கள்.

அந்த டிஎல்எல் ஃபைலை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-க்குள் போடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறும். வைரஸ் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64-இல். பெயரை நம்பி மாற்றிப் போட்டால் 7பி என்று முடியும் பிழை எண் வந்து நிற்கும், புரோகிராம் திறக்கவே திறக்காது.

சரி, ஏதோ ஒரு புரோகிராம் அன்இன்ஸ்டாலே ஆகவில்லை, 1612 என்று பிழை வருகிறது என்றால்? சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. எம்எஸ்ஐ வகைப் (விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் மூலம் ஏறும்) புரோகிராம்களை நீக்கவும் பழுதுபார்க்கவும் விண்டோஸ் அங்கே வைத்திருக்கும் பிரதியைத்தான் தேடும். இடம் அடைக்கிறதே என்று யாராவது அதைக் காலி செய்திருப்பார்கள். அதே புரோகிராமின் அதே பதிப்பு இன்ஸ்டாலரைத் தேடிப் பிடித்து மறுபடி ஓட்டி ரிப்பேர் கொடுங்கள், அப்புறம் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் சிக்கல்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் ட்ரபிள்ஷூட்டர் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் இடம்) கை வைப்பது கடைசி வழி. 1618 வந்தால் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை, வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், முடியும்வரை பொறுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சி டிரைவில் இடம்தான் வேண்டும் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸை அழியுங்கள், அது போதும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.